அப்பாவின் தந்தை பெயர் முனியம்மா

எந்த ரயிலில் எந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது, ஈப்போவில் எந்தச் சந்துக்குள் நுழைந்தால் நல்ல காப்பி கிடைக்கும் என்றெல்லாம்தான் வழக்கமாக இந்த வலைப்பூவில் எழுதுவேன். இந்தப் பதிவிலும் நேரம், கட்டணம், தூரம் எல்லாம் உண்டு. ஆனால் இந்த முறை நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன வருஷம் இறந்துபோன என் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில், தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, அப்பா பிறந்த பேரா மாநிலத்துக்குக் கிளம்பினேன்.

அப்பாவின் முழுப்பெயர் கோவிந்தன் த/பெ முனியம்மா. அடையாளக் கார்டு, லாரி லைசென்ஸ், இ.பி.எஃப். புத்தகம் என எல்லாவற்றிலும் அப்படித்தான். சின்ன வயதில் அது எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் ரவி அண்ணனிடம் யாரோ, "உங்க தாத்தா பொம்பளையா?" என்று கேட்டுச் சிரித்த பிறகுதான் உறைத்தது. அம்மா வழி உறவினர்கள் அவ்வளவு நாசூக்காகக்கூடக் கேட்கவில்லை. "அப்பன் பேர் தெரியாதவன்" என்று கல்யாணத்தின்போதே சொன்னார்களாம். முனியம்மா என்பது அப்பாவைப் பெற்ற தாய், தகப்பன் யாரென்று தெரியாததால் அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவங்க பேருதான் எனக்கு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பேராவைப் பற்றியே அவர் பேசமாட்டார். வடக்கே எங்காவது போகும்போதுகூட ஈப்போவில் வண்டியை நிறுத்தமாட்டார்.

அவர் போன பிறகு, இறப்பு அறிவிப்பு கொடுக்கப் பத்திரிகைக்கு அனுப்பினோம். அங்கே வேலை செய்யும் பெண் போன் செய்து, "அக்கா, தந்தை பேர்ல பொம்பள பேர் வந்திருக்கு. தப்பா டைப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது தப்பா இல்லையா என்று எனக்கே தெரியாது. அந்தக் கேள்வி ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது.

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல். அங்கே காலை எட்டு மணி வாக்கில் ஈப்போ ரயில். இரண்டே கால் மணி நேரத்தில் பத்து காஜா என்ற ஊர் வந்துவிடும், நேராகத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் ஈப்போவில் அறை எடுத்திருந்ததால் கடைசி வரை போனேன். டிக்கெட் நாற்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். பள்ளி விடுமுறை என்றால் பத்து நாளுக்கு முன்னாலாவது எடுத்துவிடுங்கள். பையைப் பழைய டவுன் ஹோட்டலில் போட்டேன். ஓர் இரவுக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி, சுத்தமான அறை, லிஃப்ட் கிடையாது.

வண்டிக்குப் பாலா அண்ணனைப் பிடித்துக் கொடுத்தது என் சக ஊழியர். சிம்பாங் பூலாய்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அரை நாளுக்கு நூற்றெண்பது வெள்ளி பேசியிருந்தோம். பத்திரத்தில் இருந்த ஆங்கிலத் தோட்டப் பெயரைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். பிறகு யார் யாருக்கோ போன் செய்துவிட்டு, "அட, கம்பிப்பாலத் தோட்டமாம்! இந்த இங்கிலீஷ் பேரச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாதுக்கா. பத்து காஜா தாண்டிப் போகணும். போலாம் வாங்க" என்றார்.

ஈப்போவிலிருந்து பத்து காஜா இருபத்து நான்கு கிலோமீட்டர். அங்கிருந்து தோட்டம் இன்னும் பத்தொன்பது. கடைசி நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் சின்னக் காரில் போகாதீர்கள். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ரப்பர் மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வரிசை வீடுகளை இடித்துப் பல வருஷம் ஆகிறதாம். எஞ்சியிருந்தது தண்ணீர்த் தொட்டியும் மாரியம்மன் கோயிலும் மட்டும். வருஷத் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து பழைய ஆட்கள் வருகிறார்கள் போலிருக்கிறது. கோயிலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, கதவில் செயலாளரின் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தார்கள்.

பாலா அண்ணன் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"முனியம்மாவா? இங்க மூணு முனியம்மா இருந்தாங்களே, எந்த முனியம்மா?" என்றது ஒரு முதிய குரல்.

"தெரியலங்க. மகன் பேரு கோவிந்தன்."

"ஆயா முனியம்மாவக் கேக்குறீங்களா? அவங்களுக்கு மகன் கெடையாதும்மா, ஒரே மகதான். கோவிந்தன் ஆயா வளர்த்த பையன். நீங்க யாரு?"

கோவிந்தன் மகள் என்றேன். அவர் சட்டென்று 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கினார். "அட, கோவிந்தன் பொண்ணா நீ! ஆயா மக சரசு பத்து காஜாவுலதான் இருக்கு. நம்பர் தாரேன், எழுதிக்க. ஆயாக் கொட்டகையப் பாத்தியா? தண்ணித் தொட்டிக்குப் பின்னால. தரை மட்டும் கெடக்கும்."

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் ஊர்த் தோட்டங்களில் ஆயா என்றால் பாட்டி இல்லை. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வேலை முடிந்து அவர்கள் வரும்வரை பார்த்துக்கொள்ள நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பெண்தான் ஆயா.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனோம். புல்லுக்குள் எதுவும் தெரியவில்லை. அங்கே செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். பங்களாதேஷ்காரர், முப்பது வயதிருக்கும். பாலா அண்ணன் மலாயில் பதில் சொன்னார். "காமி சாரி ரூமா ஆயா..."

ஆயா வீட்டைத் தேடுகிறோம் என்றுதான் சொல்ல வந்தார். சொன்ன வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார். மலாயில் ஆயா என்றால் அப்பா. கடைசியில் லேசாக ஒரு மூச்சு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் வாயிலிருந்து வந்தது, அப்பா வீட்டைத் தேடுகிறோம் என்று.

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "அக்கா, உங்கப்பாவுக்கு சூராட் பெரானாக் எடுக்கும்போது ஆபீஸ்ல மலாய்லதானே கேட்டிருப்பான்? 'நாமா ஆயா'ன்னு?"

சூராட் பெரானாக் என்றால் பிறப்புப் பத்திரம், நாமா ஆயா என்றால் அப்பா பெயர். பிறப்புப் பத்திரம் என் கையில்தான் இருந்தது. அந்த வரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு மலாய் தெரியும், தமிழும் தெரியும். முப்பத்தைந்து வருஷமாக இரண்டையும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பங்களாதேஷ்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் ஊரிலும் ஆயா என்ற சொல் இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் பிரசவமான பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவர். "என் அம்மா ஆயா. என்னை வளர்க்க நேரம் இல்லை, மற்றவர் பிள்ளையைப் பார்க்கத்தான் நேரம்" என்று உடைந்த மலாயில் சொல்லிச் சிரித்தார். பிறகு கடப்பாரையால் புல்லை ஒதுக்கிச் சிமெண்ட் தரையைக் காட்டினார். இருபதடிக்குப் பத்தடி இருக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு குளியல் தொட்டி. அதில் இலைகள் நிறைந்து கிடந்தன.

மதியம் பத்து காஜா சந்தைக்குப் பக்கத்தில் வாழையிலைச் சாப்பாடு, பன்னிரண்டு வெள்ளி. சரசு அக்காவிடம் போனில் பேசியிருந்தேன், மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார். சோற்றைத் தொடாமல் போனில் அகராதிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். மலாய் ஆயா இந்தத் தீவுகளின் பழைய சொல், அதற்கும் நம்முடையதற்கும் உறவே இல்லை. பிள்ளை பார்க்கும் ஆயா போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. அவர்கள் பேச்சில் 'ஆயியா' என்றால் பிள்ளை வளர்ப்பவள். அதற்கும் மூலம் லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் சொல்லாம். இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. வெள்ளைக்காரர்களும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்த இந்தியப் பெண்களை அப்படியே அழைத்தார்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஆயா என்றால் பாட்டி. அது கப்பலில் வந்ததா, தாயைக் குறிக்கும் நம் பழைய 'ஆய்' என்ற சொல்லிலிருந்து வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மராத்தியில் 'ஆயி' அம்மா. கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் அப்பாவை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா, பாட்டி, வேலைக்காரி, அப்பா. திரையை மூடிவிட்டு மோரை மட்டும் குடித்தேன்.

சரசு அக்காவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. மாடியில்லாத வரிசை வீடு, வாசலில் செம்பருத்தி. ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் என் நெற்றியைத்தான் பார்த்தார். "நெத்தி அவனுதுதான்" என்றார். பாலா அண்ணன் காரிலேயே இருப்பதாகச் சொன்னதும் அதட்டி உள்ளே அழைத்தார்.

நான் பத்திரத்தை மேசையில் வைத்தேன். கேட்க வேண்டியதே இல்லை, அவர் சொல்லத் தொடங்கினார்.

"உங்கப்பனப் பெத்த ஆத்தா பேரு அஞ்சலை. பிரசவம் ரொம்பக் கஷ்டமாப் போயிருச்சு, எந்திரிக்க முடியல. தகப்பன் காளிமுத்து. வேலைக்குப் போகலேன்னா அன்னிக்கிச் சம்பளம் போயிரும்னு வரல. வேற ஒரு புள்ளைக்குக் காச்சல்னு எங்கம்மா டவுனுக்குப் போகவேண்டியிருந்திச்சு. இதையும் பதிஞ்சிட்டு வா ஆயான்னு அனுப்பிட்டாங்க. அந்த ஆபீசர் கேட்டாரு, நாமா ஆயா? எங்கம்மாவுக்கு மலாய் அவ்வளவா வராது. தோட்டத்துல எல்லாரும் ஆயான்னுதானே கூப்பிடுவாங்க, நம்ம பேரத்தான் கேக்குறாருன்னு நெனைச்சிட்டாங்க. முனியம்மான்னு சொன்னாங்க. முனியம்மா பொம்பள பேருன்னு அவருக்கு எப்படித் தெரியும்லா? எழுதிட்டாரு."

"அப்பவே மாத்தியிருக்கலாமே?"

"யாரு படிச்சுப் பாத்தா? பெட்டிக்குள்ள போயிருச்சு. உங்கப்பனுக்கு மூணு வயசுல அஞ்சலை செத்துப்போச்சு. காளிமுத்து வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு பாகான் டத்தோ பக்கம் தேங்காத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. ஒரு மாசம் பாத்துக்க ஆயா, வந்து கூட்டிக்கிறேன்னு சொன்னாரு. வரவே இல்ல."

அடையாளக் கார்டு எடுக்கும் பன்னிரண்டு வயதில்தான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. தகப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் திருத்தலாம் என்றார்களாம். முனியம்மா லீவு போட்டுவிட்டு, தெலுக் இந்தான் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பாகான் டத்தோ போயிருக்கிறார். கூடவே பதினெட்டு வயதுச் சரசுவும்.

"வீட்டு வாசல்ல நிக்கிறோம். காளிமுத்து வெளிய வந்து, சத்தமாப் பேசாத ஆயா, இவளுக்கு நான் புள்ள இருக்குன்னு சொல்லலன்னாரு. திரும்பிட்டோம். உங்கப்பன்கிட்ட ஆளு கெடைக்கலன்னு சொன்னாங்க. நானும் அப்படியே சொன்னேன்."

இருபத்தோரு வயதில் அப்பாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. காளிமுத்துவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், மகனைப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடுகிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். அப்பா போனார். இரண்டு நாள் அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். திரும்பி வந்ததும் பேப்பர் எங்கே என்று முனியம்மா கேட்டிருக்கிறார்.

"உங்கப்பன் சட்டையக் கழட்டி மாட்டிக்கிட்டே சொன்னான், 'இருக்கிற பேரே இருக்கட்டும்'னு. எங்கம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க. அவங்க அழுது நான் பாத்தது அன்னிக்கு ஒரு தடவதான்."

சரசு அக்கா எழுந்து போய்த் தேநீர் கொண்டு வந்தார். அதுவரை என்னைப் பார்த்துப் பேசியவர், அதற்குப் பிறகு கோப்பையைப் பார்த்துப் பேசினார்.

மூன்று வருஷம் கழித்து முனியம்மா இறந்துவிட்டார். மகன் இல்லாதவர். கொள்ளிக்குடத்தைத் தூக்க அப்பா முன்னால் வந்திருக்கிறார். முனியம்மாவின் கொழுந்தன்மார் விடவில்லை. ஆயா வளர்த்த பிள்ளைகள் இந்தத் தோட்டத்தில் நூறு பேர், நூறு பேரும் குடம் தூக்குவீர்களா என்று கேட்டார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்துக் காட்டினார். அதில் அவர் பெயருக்குப் பின்னால் முனியம்மாவின் பெயர் இருந்தது. ஒருவர் அதைத் தட்டிவிட்டார். கார்டு சேற்றில் விழுந்தது.

"எடுத்துத் தொடச்சிக்கிட்டே என்னப் பாத்தான். நீ சொல்லு அக்காங்கிற மாதிரி. எனக்கு அப்பத்தான் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. சித்தப்பாமாருங்கதான் எல்லாம் செய்யணும். நான் வாயத் தொறக்கல. அன்னிக்குப் போனவன்தான்."

பாலா அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்கானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். ஆனால் இந்தக் கதையில் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் சொன்ன பொய்களை அப்போதுதான் கேட்டு முடித்திருந்தேன்.

"இல்லக்கா. ஒரு வார்த்தை சொன்னதில்ல."

தலையை ஆட்டினார். "சொல்லமாட்டான்." பிறகு பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியை விரலால் தடவினார். "நான் சரஸ்வதி, தகப்பன் பேரு வீராசாமி. எனக்குப் பின்னால எங்கம்மா பேரு இல்ல. உங்கப்பனுக்குத்தான் இருக்கு. அதத்தான் அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்."

நான் கிளம்பும்போது ஐந்தேகால். வாசலில், "வாரேன் அக்கா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் என்னை அக்கான்னான். நீயும் அக்கான்னா எப்படிம்மா? அத்தைன்னு கூப்பிடு." ஒருமுறை கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

ஈப்போவுக்குத் திரும்பும்போது பாலா அண்ணன் ரேடியோவைப் போடவில்லை. வலது பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் மழையில் கறுத்துக்கொண்டு வந்தன. அறைக்குப் போய் ரவி அண்ணனுக்குப் போன் செய்தேன். எங்களில் அந்தப் பெயரால் அதிகம் அடிபட்டவன் அவன்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம தாத்தா பேரு காளிமுத்து" என்றான். ஆமாம் என்றேன். "அவரு கடைசியில கையெழுத்துப் போடத் தயாரா இருந்தாரு, அப்பாதான் வேணாம்னாரு. அப்படித்தானே?" அப்படித்தான் என்றேன். அதுவரை அவன் அழுது நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை பத்தரை ரயிலில் திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து அப்பாவின் முதல் வருஷத் திதி. சரசு அத்தை பத்து காஜாவிலிருந்து தனியாக ரயில் ஏறி வந்தார். இறந்தவரின் உடன்பிறந்தவர் வரலாம் என்று ஐயர் சொன்னபோது, அவரை முன்னால் உட்கார வைத்தோம். அம்மா வழி உறவினர்கள் எங்களைப் பார்த்தார்கள். ரவி அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எங்க அத்தை" என்றான்.

உங்களில் பலர் இதுபோலப் பழைய தோட்டங்களைத் தேடிப் போவீர்கள் என்று தெரியும். பத்திரத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், தமிழ்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்கள் இன்று தனியார் நிலம். உள்ளே வேலை செய்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கோயில்தான் முதலில் போக வேண்டிய இடம், நம்பர் அங்கேதான் இருக்கும். காலணி நல்லதாக இருக்கட்டும், அட்டை உண்டு. பத்திரத்தில் ஒரு பெயரோ உறவோ பொருந்தவில்லை என்றால், அந்தக் கேள்வி எந்த மொழியில் கேட்கப்பட்டது, பதில் எந்த மொழியில் சொல்லப்பட்டது என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

அத்தையின் முகவரியை இங்கே எழுதவில்லை. ஆனால் கம்பிப்பாலத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அத்தையிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். முனியம்மாவைப் பற்றி நல்லதோ கெட்டதோ, உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொள்வார்.